வாக்குமூலம் உண்டு, நிகழ்வு இல்லை: பாஸ்க் மலைக்கிராமங்களின் சூனிய வழக்கு, 1608–1614

ஸ்பெயினின் வடக்கு எல்லையில், நவார்ரா மலைக்கிராமங்களில் 1608 டிசம்பரில் தொடங்கி 1614 ஆகஸ்டில் முடிந்த ஒரு சூனிய விசாரணையின் ஆய்வு இது. குற்றம் சாட்டப்பட்ட கிராமத்தாரின் பெயர்களைத் தரவில்லை. பதவியில் இருந்தவர்கள் மட்டும் பெயரோடு வருகிறார்கள்.

இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1610இல் ஆறு பேரை உயிரோடு எரிக்கத் தீர்ப்பளித்த அதே அமைப்புதான், அதே சட்டத்தை வைத்துக்கொண்டு, நான்கே ஆண்டுகளில் வழக்கு முழுவதையும் நிறுத்தியது. இடையில் புதுச் சட்டம் வரவில்லை. சூனியம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று யாரும் அறிவிக்கவும் இல்லை. விசாரிப்பவர் கேட்ட கேள்விதான் மாறியது. முதலில் "ஒப்புக்கொண்டாரா?" என்று கேட்டார்கள். பிறகு ஒருவர் "அது நடந்ததா?" என்று கேட்டார்.

பின்னணி

ஸ்பெயினின் இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை அமைப்புக்கு மாட்ரிடில் சுப்ரேமா என்ற உயர்மன்றம் இருந்தது. மாகாணங்களில் கிளை மன்றங்கள் இருந்தன. நவார்ராவும் பாஸ்க் மாகாணங்களும் லோக்ரோன்யோ நகரத்து மன்றத்தின் கீழ் வந்தன. மலைக்கிராமத்தாரில் மிகப் பலருக்கு பாஸ்க் மொழி மட்டுமே தெரியும். நீதிபதிகளுக்கு அது தெரியாது. எனவே இன்று நம் கையில் இருக்கும் ஸ்பானிய வாக்குமூலங்களில் பெரும்பாலானவை, சொன்னவர் வாயிலிருந்து மொழிபெயர்ப்பாளர் காதுக்கும், அங்கிருந்து எழுத்தர் பேனாவுக்கும் போய்ச் சேர்ந்தவை.

சூனியத்தைப் பற்றி உயர்மன்றத்துக்கு ஏற்கெனவே ஐயம் இருந்தது. 1526இல் கிரனாடாவில் பத்து அறிஞர்கள் கூடி, சூனியக்காரிகள் இரவுக் கூட்டத்துக்கு உடலோடு போகிறார்களா, மனத்தில் மட்டும் போகிறார்களா என்று வாக்கெடுத்தார்கள். ஆறு பேர் உடலோடுதான் என்றார்கள், நால்வர் மறுத்தார்கள். பெரும்பான்மை நம்பியும், அதைத் தொடர்ந்து வந்த அறிவுறுத்தல்கள் எச்சரிக்கையாகவே இருந்தன. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் உள்ளூர் நீதிமன்றங்கள் சூனிய வழக்குகளை விருப்பம்போல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஸ்பெயினில் மேலிருந்து ஒரு கடிவாளம் இருந்தது. அந்தக் கடிவாளம் 1610இல் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் ஆராய வேண்டியது.

எல்லைக்கு அப்பால், பிரான்சின் லபூர் பகுதியில் 1609இல் அரசர் அனுப்பிய நீதிபதி பியேர் த லாங்க்ர் பலருக்கு மரண தண்டனை விதித்தார். அங்கிருந்து தப்பியவர்கள் இப்பக்கம் வந்தார்கள். அவர்களோடு கதைகளும் வந்தன.

தொடக்கம்: ஊருக்குள் முடிந்திருக்கக்கூடிய வழக்கு

1608 டிசம்பரில், பிரான்சில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இளம்பெண் சுகர்ராமுர்தி என்ற எல்லைக் கிராமத்துக்குத் திரும்பினாள். அங்கே இருந்தபோது தானும் சூனியக்காரியாக இருந்ததாகவும், சுகர்ராமுர்தியில் நடந்த அகெலாரே என்னும் இரவுக் கூட்டத்துக்கு வந்து போனதாகவும் சொன்னாள். அங்கே யார் யாரைப் பார்த்தாள் என்றும் பெயர் சொன்னாள். பெயர் சொல்லப்பட்ட ஒருத்தி முதலில் மறுத்தாள். நெருக்குதல் கூடியதும் ஒப்புக்கொண்டாள். பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஒப்புக்கொண்டார்கள். தேவாலயத்தில் ஊரார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்கள், ஊரும் மன்னித்தது.

மலைக்கிராமங்களில் பழைய பகைகள் இப்படித் தீர்வது புதிதல்ல. ஆனால் செய்தி லோக்ரோன்யோவுக்குப் போனது. 1609 ஜனவரியில் மன்றத்தின் ஆள் ஊருக்கு வந்து விசாரித்தார். நான்கு பெண்கள் லோக்ரோன்யோ சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இங்கேதான் முதல் பெரிய பிழை. அந்த நால்வரைத் தொடர்ந்து இன்னும் ஆறு பேர் தாங்களாகவே மலையிறங்கி மன்றத்துக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தாரின் மிரட்டலுக்குப் பயந்துதான் ஒப்புக்கொண்டோம், உண்மையில் நாங்கள் சூனியக்காரர் அல்ல என்று சொல்ல வந்தவர்கள் அவர்கள். மன்றம் அவர்களையும் சிறையில் அடைத்தது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதே பேய் அவர்களை இன்னும் விடவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்தத் தர்க்கத்துக்குள் நுழைந்த வழக்கில் மறுப்பு என்ற சொல்லுக்கு இடமே இல்லை: ஒப்புக்கொண்டாலும் குற்றம், மறுத்தாலும் குற்றம்.

உயர்மன்றம் அனுப்பிய பதினான்கு கேள்விகள்

1609 மார்ச்சில் மாட்ரிடிலிருந்து ஒரு கேள்விப்பட்டியல் வந்தது. அதில் 14 கேள்விகள். கூட்டம் எந்த நாளில் நடந்தது, போய்வர எவ்வளவு நேரம் ஆனது, வழியில் மேய்ப்பர்களையோ வேறு யாரையுமோ பார்த்தார்களா, அங்கே இருந்தபோது கடிகார ஓசையோ மணியோசையோ கேட்டதா, வீட்டில் உடன் படுத்திருந்தவர்களுக்கு அவர்கள் போனது தெரியாதா, பறப்பதற்கென்று சொல்லப்பட்ட களிம்பைப் பூசாமல் போக முடியுமா என்ற வகையில் கேள்விகள் அமைந்திருந்தன. ஒவ்வொன்றும் வெளியே போய்ச் சரிபார்க்கக்கூடிய விடையைக் கேட்பது. இதைத் தயாரித்தவர் விசாரணைக் கலை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

மூத்த நீதிபதிகள் அலோன்சோ பெசெர்ராவும் ஹுவான் டெல் வாயேயும் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் கைதிகள் சொன்ன விடைகளையே பெரிதும் நம்பினார்கள். சொன்ன விடை இன்னொரு கைதியின் விடையோடு ஒத்துப்போனால் அதையே உறுதிப்பாடு என்று எழுதிக்கொண்டார்கள். கேள்வி சரியாக இருந்தும் விடையைச் சோதிக்கும் படி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை இந்தக் கோப்புகளில் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது நீதிபதியான அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ் 1609 ஜூனில் பதவியேற்றார். அவர் வந்தபோது முதல் கைதிகளின் ஒப்புதல்கள் ஏற்கெனவே கட்டுகளில் ஏறியிருந்தன.

தீர்ப்பு, 1610 நவம்பர்

சிறையில் கொள்ளைநோய் பரவியது. தீர்ப்பு நாள் வருமுன்பே கைதிகளில் பலர் இறந்தார்கள். 1610 ஜூனில் தண்டனை பற்றி வாக்கெடுத்தபோது, ஒரு பெண்ணை எரிக்கும் முடிவுக்குச் சலசார் உடன்படவில்லை. இன்னும் சான்று வேண்டும் என்றார். மற்றவர்களின் வாக்கே வென்றது.

நவம்பர் 7, 8 தேதிகளில் லோக்ரோன்யோவில் பொதுத் தீர்ப்புச் சடங்கு நடந்தது. மேடையேற்றப்பட்ட 53 பேரில் 31 பேர் சூனிய வழக்கைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். சிறையில் இறந்துபோன ஐந்து பேரின் உருவப் பொம்மைகள் எரிக்கப்பட்டன. எரிந்த ஆறு பேரும் கடைசிவரை குற்றத்தை மறுத்தவர்கள். ஒப்புக்கொண்டு உயிரோடு இருந்தவர்களோ தண்டனை அங்கி அணிந்து திருச்சபையோடு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். பார்க்க வந்த கூட்டத்துக்குப் புரியாமல் போகுமா? உயிர் பிழைக்க வேண்டுமென்றால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1611 தொடக்கத்திலேயே இந்தச் சடங்கின் விவரம் அச்சுப் பிரசுரமாக வந்தது. யார் எங்கே எப்படிக் கூடினார்கள், என்ன உண்டார்கள், எந்தக் களிம்பைப் பூசினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன.

பரவல்

பயம் அடங்கும் என்று மன்றம் எதிர்பார்த்தது. பயம் வடக்கே ஊர் ஊராகப் பரவியது. இப்போது ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். இரவில் தூங்கும்போது தங்களைக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். யார் தூக்கிப் போனது என்று பெயரும் சொன்னார்கள். சில ஊர்களில் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காகப் பங்குக் குருவின் வீட்டில் கூட்டமாகப் படுக்க வைத்தார்கள். ஒரே அறையில் படுத்து, ஒரே பயத்தோடு, ஒருவர் கனவை மற்றவர் கேட்டபடி விழித்தெழுந்த குழந்தைகளின் வாக்குமூலங்கள் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

ஊரார் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். பெயர் சொல்லப்பட்டவர்களை மரத்தில் கட்டினார்கள், குளிரில் ஆற்றில் முக்கினார்கள், கல்லெறிந்தார்கள். சிலர் இறந்தார்கள். பாம்ப்லோனாவின் ஆயர் அந்தோனியோ வெனேகாஸ் தனியாக விசாரித்து, இதில் பெரும்பகுதி மயக்கமும் வதந்தியும்தான் என்று உயர்மன்றத்துக்கு எழுதினார்.

எடுத்த முடிவு: கருணை ஆணையும் பயணமும்

உயர்மன்றம் கருணை ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. குறித்த காலத்துக்குள் தாமே முன்வந்து ஒப்புக்கொள்பவர்களுக்குத் தண்டனையோ சொத்துப் பறிமுதலோ இல்லாமல் மன்னிப்பு. அதை ஊர் ஊராக எடுத்துச் செல்லும் பொறுப்பு சலசாருக்கு வந்தது. 1611 மே 22இல் கிளம்பியவர் 1612 ஜனவரியில்தான் திரும்பினார். எழுத்தர்களும் பாஸ்க் மொழிபெயர்ப்பாளர்களும் கூடவே போனார்கள்.

அவர் கொண்டுவந்த கணக்கு இது. கருணை ஆணையின் கீழ் 1,802 பேர். அவர்களில் 1,384 பேர் குழந்தைகள்: 14 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் 12 வயதுக்குக் குறைந்த சிறுமிகளும். இவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக மட்டும் பாவமன்னிப்பு வழங்கப்பட்டது. பெரியவர்களில் 290 பேர் திருச்சபையோடு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 41 பேர் இலேசான ஐயத்தின் பேரில் உறுதிமொழி வாங்கி விடப்பட்டார்கள். ஆறு பேர் மன்னிப்புப் பெற்றபின் மீண்டும் இரவுக் கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்கள். மிச்சம் 81 பேர், முன்பு தந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த 81 தான் திருப்பம். 1609இல் மறுப்பைச் சொல்ல வந்த ஆறு பேரைச் சிறையில் தள்ளிய அதே மன்றத்தின் சார்பில், ஒரு நீதிபதி மறுப்பைத் தண்டனையின்றி எழுத்தில் ஏற்றார். பயமில்லாவிட்டால் இன்னும் பலர் மறுத்திருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. அந்தப் பயம் கற்பனையல்ல. வாக்குமூலத்தைத் திரும்பப் பெற விரும்பிய ஒரு பெண்ணை, மன்றத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி எரிக்கப்படுவாய் என்று மிரட்டித் திருப்பி அனுப்பினார். அவள் ஆற்றில் விழுந்து இறந்தாள்.

கண்டவை: சோதனைகள்

சலசார் செய்தது புதுத் தத்துவம் எதுவும் அல்ல. மாட்ரிட் அனுப்பிய பழைய கேள்விகளையே எடுத்துக்கொண்டு, விடைகளை வெளியே போய்ச் சரிபார்த்தார்.

முதலில் இடம். ஒன்பது அகெலாரேக்களைப் பற்றி 36 பேரைத் தனித்தனியாக, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாதபடி விசாரித்தார். கூட்டம் நடந்த இடத்துக்கு எப்படிப் போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று கேட்டார். இரண்டு இடங்களைத் தவிர மற்றவற்றில் விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. தனித்தனியாகக் கேட்பது எவ்வளவு எளிய வேலை! லோக்ரோன்யோவில் இரண்டு ஆண்டுகளாக அதைச் சரியாகச் செய்யவில்லை.

அடுத்து நேரம். புனித யோவான் விழாவுக்கு முந்தைய இரவு சாந்தெஸ்தெபான் ஊரில் பெருங்கூட்டம் நடந்ததாகச் சிலர் சொன்னார்கள். அந்த இடத்தில், அதே இரவில், சலசாரின் எழுத்தர்களே இருந்தார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

பிறகு களிம்பு. பறப்பதற்குப் பூசுவது என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட 22 ஜாடிகளும் மருத்துவர்களிடமும் மருந்து தயாரிப்பவர்களிடமும் போயின. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அவை போலிகள். விசாரிப்பவர்கள் களிம்பு எங்கே என்று விடாமல் கேட்டதால், கையில் கிடைத்ததைக் கலந்து காட்டியவர்கள் இருந்தார்கள். சான்று கேட்கும் விதமே சான்றைத் தயாரிக்க வைக்கும் என்பது இங்கே கையால் தொடக்கூடிய அளவுக்குத் தெரிகிறது.

உடலும் சோதிக்கப்பட்டது. பேயோடு உறவு கொண்டதாகச் சொன்ன சிறுமிகளைப் பெண்களைக் கொண்டு பரிசோதித்தபோது அவர்கள் கன்னியராகவே இருந்தார்கள். பேய் தன் இடக்கால் விரல்கள் மூன்றைப் பறித்துக்கொண்டது என்று ஒரு பெண் சொன்னாள்; பிறந்ததிலிருந்தே அவளுக்கு அந்த விரல்கள் இல்லை என்று ஊரார் சொன்னார்கள். இவர்களில் எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் அல்ல. சிலர் தாம் போய்வந்ததை முழுமையாக நம்பினார்கள். சலசார் அவர்களைப் பொய்யர் என்று ஒதுக்காமல், நம்பிக்கை வேறு நிகழ்வு வேறு என்று பிரித்து எழுதியதுதான் அவருடைய அறிக்கையின் பலம்.

கடைசியாக, தொடங்கிய நாள். ஒவ்வோர் ஊரிலும் இந்தப் பேச்சு எப்போது கிளம்பியது என்று விசாரித்தார். பாம்ப்லோனா அருகிலுள்ள ஒலாகுவே ஊரில், ஒரு துறவி வந்து இதைப் பற்றிப் பிரசங்கம் செய்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்று ஊராரே சொன்னார்கள். இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியத்துக்கு ஆளானவரும் இல்லை என்று சலசார் எழுதினார். அவர் எடுத்துச் சென்ற கருணை ஆணையும் இந்தக் கணக்கில் சேரும். ஊரார் முன் அதை உரக்க வாசித்தபோது, எதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலும் ஊருக்குக் கிடைத்துவிட்டது.

எதிர்ப்பும் இறுதி முடிவும்

1612 மார்ச்சில் சலசார் அறிக்கை அனுப்பினார். தம் பயணத்தில் கண்டவற்றிலிருந்து ஒரே ஒரு சூனியச் செயல்கூட உண்மையில் நடந்ததாகக் கொள்ள அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். பெசெர்ராவும் வாயேயும் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் வாதமும் அற்பமானதல்ல: இத்தனை பேர், இத்தனை ஊர்களில், ஒரே கதையைச் சொல்கிறார்களே, அத்தனையும் பொய்யா? எண்ணிக்கையே சான்று என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரே மூலத்திலிருந்து வந்த ஆயிரம் வாக்குமூலங்களைச் சலசார் ஒரே வாக்குமூலமாக எண்ணினார்.

1613இல் எழுதியபோது அவர் தம் மன்றத்தின் பதிவுமுறையையே குறை கூறினார். ஒப்புக்கொண்டால் விடுதலை என்று கைதிகளுக்கு வாக்குறுதி தரப்பட்டது. அவர்கள் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றபோது அது கோப்பில் முழுமையாக ஏறவில்லை. வழக்கைப் பலவீனப்படுத்தக்கூடியவை எழுதப்படாமலே விடப்பட்டன.

1614 ஆகஸ்ட் 29இல் உயர்மன்றம் 32 அறிவுறுத்தல்களை வெளியிட்டது. பெரும்பாலும் சலசாரின் யோசனைகளே. நிலுவையிலிருந்த வழக்குகள் நிறுத்தப்பட்டன. மறுப்புச் சொல்ல வருபவர்களைத் தண்டனையின்றி ஏற்க வேண்டும். குழந்தை இறந்தாலோ பயிர் அழிந்தாலோ, இயற்கையான காரணம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆலங்கட்டி மழை சூனியக்காரி இல்லாமலும் பெய்யும் என்று மக்களுக்கு விளக்க வேண்டும். ஒப்புக்கொள்ளும்படி யாரையும் ஊரார் வற்புறுத்தக் கூடாது. 1610இல் தண்டிக்கப்பட்டவர்களின் அங்கிகளை, வழக்கப்படி தேவாலயத்தில் குடும்பப் பெயரோடு தொங்கவிடக் கூடாது. இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே வேண்டாம்.

எரிந்தவர்களுக்கு இதனால் எதுவும் திரும்பவில்லை. தண்டனைத் தீர்ப்புகள் ரத்து செய்யப்படவும் இல்லை.

பின்விளைவு

லோக்ரோன்யோ மன்றம் அதன் பிறகு சூனியக் குற்றத்துக்காக யாரையும் எரிக்கவில்லை. சில ஆண்டுகளில் அண்டை மாகாணமான விஸ்காயாவில் அரச நீதிபதி ஒருவர் ஏறத்தாழ 300 பேர் மீது வழக்குத் தொடுத்தபோது, இன்குவிசிஷன் தலையிட்டு நிறுத்தியது. ஆனால் இந்த அறிவுறுத்தல்கள் அந்த அமைப்பை மட்டுமே கட்டுப்படுத்தின. கத்தலோனியாவில் 1618 முதல் உள்ளூர் நீதிமன்றங்கள் பலரைத் தூக்கிலிட்டன. சலசார் 1631இல் உயர்மன்ற உறுப்பினர் ஆனார்.

இந்த ஆவணங்களை வாசிப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டியவை

லோக்ரோன்யோ மன்றத்தின் சொந்தக் காப்பகம் நெப்போலியன் போர்க்காலத்தில் அழிந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட பயணப் பதிவுகளின் மூலங்களும் பெரும்பாலும் இன்று இல்லை. நம்மிடம் இருப்பவை மாட்ரிடுக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகள், கடிதங்கள், வழக்குச் சுருக்கங்கள். இன்று அவை அங்குள்ள தேசிய வரலாற்றுக் காப்பகத்தில் உள்ளன. வழக்குச் சுருக்கம் என்பது மேலதிகாரிக்காக எழுதப்பட்டது. அதில் கேள்வி பெரும்பாலும் இருக்காது, விடை மட்டும் இருக்கும். "அவள் தானாகவே சொன்னாள்" என்று எழுதியிருந்தால், எந்தக் கேள்விக்கு, எத்தனையாவது முறை, எந்த மொழியில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1,802 என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தொகை என்று எழுதுவதைப் பார்க்கலாம். அது கருணை ஆணையின் கீழ் தாமே முன்வந்தவர்களின் தொகை. அவர்கள் வாயால் பெயர் சொல்லப்பட்டவர்கள் வேறு, அதைவிட அதிகம். எரிக்கப்பட்டவர்கள் பதினொருவர் என்பதும் அப்படித்தான். ஆறு மனிதர்கள், ஐந்து உருவங்கள்.

ஆகவே பெயர்ப் பட்டியலாகவோ தரவுத்தளமாகவோ தொகுப்பவர்கள் ஒரே "குற்றவாளி" பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) எல்லோரையும் போடக் கூடாது. பெயர் சொல்லப்பட்டவர், கைதானவர், ஒப்புக்கொண்டவர், திரும்பப் பெற்றவர், தண்டிக்கப்பட்டவர், சிறையில் இறந்தவர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி வேண்டும். ஒரே ஆள் பலவற்றில் வரலாம். வயது, பேசிய மொழி, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பவையும் வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் தேதியும், அதற்கு முன் அந்த ஊரில் நடந்த பிரசங்கம், ஆணை வாசிப்பு, கைது ஆகியவற்றின் தேதிகளும் அருகருகே வர வேண்டும். சுகர்ராமுர்தி, ஒலாகுவே போன்ற ஊர்களை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், எது எதைத் தூண்டியது என்பது தேதிகளிலேயே தெரியும்.